உங்களுக்குத் தெரியுமா? புது ரயிலுக்குத் துரு பூசியவர்

கடையில் வாங்கிய பளபளப்பான மாதிரி ரயிலை வேண்டுமென்றே அழுக்காக்குவதும் ஒரு கலைதான்! சாக்பீஸ் தூளைத் தடவி, நீர்க்கக் கரைத்த பழுப்பு வண்ணத்தை ஒழுகவிட்டால் போதும். நேற்று வந்த பெட்டிக்கு முப்பது வயது கூடிவிடும்.

இதைப் பரவலாக்கிய முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் ஜான் ஆலன் (1913–1973). தொழில் புகைப்படம் எடுப்பது. அந்தக் கண் இதற்கும் உதவியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மாண்டரே நகரில், தன் வீட்டின் அடித்தளத்தில், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில் ஒரு மலை ரயில்வேயையே கட்டினார். தரையிலிருந்து கூரைவரை எழும்பிய மலைகள்! இடம் இன்னும் விரிந்து தெரிய, ஆங்காங்கே கண்ணாடிகளை ஒளித்துவைத்தார். இத்தனை அசலுக்கும் நடுவே ஒரு குறும்பு: யார்டில் பெட்டிகளை இழுக்க, என்ஜினுக்குப் பதில் ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசர். பெயர் எம்மா, எண் 13.

ஆலன் மறைந்த சில நாள்களிலேயே, அந்த ரயில்வேயின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. ஆனால் அவர் வடிவமைத்த ‘டைம்சேவர்’ என்னும் ஷண்டிங் புதிரை ரசிகர்கள் இன்றும் ஆடுகிறார்கள். ஒரு என்ஜின், சில பெட்டிகள், குட்டையான தண்டவாளங்கள். குறைந்த நேரத்தில் ஒவ்வொரு பெட்டியையும் அதற்குரிய இடத்தில் நிறுத்த வேண்டும். பார்க்கத்தான் சுலபம்!