எடிட்டருக்குள்ளேயே டெர்மினல்: வசதிதான்... ஆனா இங்கே ‘அன்டூ’ கிடையாது!

எடிட்டரில் ஒரு வரியை மாத்தணும், சேவ் பண்ணணும், டெர்மினலுக்குத் தாவணும், அங்கே சரியான ஃபோல்டரைத் தேடிப் போகணும், புரோகிராமை ஓட்டணும். எரர் வந்தால் மறுபடி முதலில் இருந்து. கோடிங் கற்றுக்கொள்ளும் பலருக்கு கோடை விட இந்த அலைச்சல்தான் பெரிய தலைவலி.

அதைக் குறைக்க வந்ததுதான் எடிட்டருக்குள்ளேயே இருக்கும் டெர்மினல். மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டரில் 2016 மே மாத வெளியீட்டில் இது வந்தது. புது ஐடியா ஒன்றும் இல்லை. ஈமேக்ஸ் பயன்படுத்துபவர்கள் பல பத்தாண்டுகளாக எடிட்டருக்குள்தான் ஷெல்லை ஓட்டுகிறார்கள். விம் எடிட்டரிலும் 2018-ல் வந்த 8.1 பதிப்பில் டெர்மினல் சேர்ந்துவிட்டது.

எப்படித் திறப்பது?

பெரும்பாலான கீபோர்டுகளில் எஸ்கேப் பட்டனுக்குக் கீழே, 1-க்கு இடது பக்கத்தில் இருக்கும் சின்ன சாய்வுக் குறிக்குப் பெயர் பேக்டிக். கன்ட்ரோலோடு அதை அழுத்தினால், விஎஸ் கோடின் அடியில் டெர்மினல் எட்டிப் பார்க்கும். மேக்கிலும் இதே கன்ட்ரோல்தான், கமாண்ட் இல்லை. ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் இன்னொரு டெர்மினல். ஒன்றில் சர்வர் ஓடட்டும், இன்னொன்றில் கிட் வேலையைப் பார்க்கலாம்.

எரர் மெசேஜில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்தால், கன்ட்ரோலைப் பிடித்தபடி அதை கிளிக் செய்யுங்கள் (மேக்கில் கமாண்ட்). நேராக அந்த வரியில் போய் நிற்கும். இந்த ஒன்றுக்காகவே பலர் தனி டெர்மினலை மறந்துவிட்டார்கள்.

எங்கே சொதப்புகிறது?

எடிட்டரில் எந்த ஃபோல்டரைத் திறந்தீர்களோ, டெர்மினலும் வழக்கமாக அங்கேதான் தொடங்கும். ப்ராஜெக்ட்டைத் திறக்காமல் அதற்கு மேலே உள்ள ஃபோல்டரைத் திறந்துவிட்டு, ‘பேக்கேஜ் ஃபைலைக் காணோம்’ என்று எரர் வந்ததும் குழம்புவது தினமும் நடக்கிற கதை.

அடுத்தது, மூடுகிற விஷயம். பேனலின் ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் டெர்மினல் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். உள்ளே ஓடுகிற சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட்டினால், ‘போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது’ என்று முறைக்கும். சர்வரை நிறுத்த கன்ட்ரோல்+சி. டெர்மினலையே முடித்துவிட குப்பைத்தொட்டி ஐகான்.

இதெல்லாம் கூட சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. எடிட்டரின் இடது பக்க ஃபைல் பட்டியலில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால், சாதாரணமாக அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், மீட்டுவிடலாம். அதே ஸ்கிரீனில் நாலு இன்ச் கீழே, டெர்மினலில் ‘ஆர்எம்’ கமாண்ட் கொடுத்து அழித்தால் பின்னுக்கும் போகாது, கன்ட்ரோல்+இசட்டுக்கும் திரும்பாது. கிட்டில் கமிட் செய்திருந்தால் பிழைத்தீர்கள். பார்க்க எடிட்டரின் ஒரு பகுதி மாதிரி இருந்தாலும், அங்கே ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரின் நிஜ ஷெல். விண்டோஸில் பவர்ஷெல், மேக்கில் இசட்எஸ்ஹெச். உங்கள் அக்கவுன்ட்டுக்கு என்னென்ன அதிகாரம் இருக்கிறதோ, அத்தனையும் அதற்கும் உண்டு.

இன்டர்வியூ என்ற பெயரில்...

வேலை தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம். ‘இந்த ப்ராஜெக்ட்டை டவுன்லோட் பண்ணி ஓட்டிப் பாருங்க, இதுதான் டெஸ்ட்’ என்று கோட் அனுப்பி, அதற்குள் மால்வேரை ஒளித்து வைக்கும் மோசடியை 2023-ல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 குழு அம்பலப்படுத்தியது. வட கொரியாவோடு தொடர்புடையவர்கள் சாஃப்ட்வேர் டெவலப்பர்களைக் குறிவைத்து நடத்தியது அது.

புது ஃபோல்டரைத் திறந்ததும் ‘இதை எழுதியவர்களை நம்புகிறீர்களா?’ என்று விஎஸ் கோட் கேட்கிறதே, 2021-ல் வந்த அந்தக் கேள்வி இதற்காகத்தான். நம்பவில்லை என்றால் ஃபோல்டரில் உள்ள டாஸ்க்குகளை எடிட்டர் ஓடவிடாது, கோடைப் படித்துப் பார்க்கலாம். அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்திவிட்டு டெர்மினலில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடித்தால் கதை வேறு. பேக்கேஜோடு வரும் ஸ்கிரிப்ட்டுகள் அந்த இன்ஸ்டால் நடக்கும்போதே தானாக ஓடக்கூடும். உங்கள் கோடில் ஒரு வரிகூட அதுவரை ஓடியிருக்காது.

அதனால் முகம் தெரியாதவர் அனுப்பிய டெஸ்ட் என்றால், முதலில் ‘நோ’. பேக்கேஜ் ஃபைலைத் திறந்து ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எல்லாம் அதிலேயே தெரிந்துவிடாது, கூட வரும் வெளி பேக்கேஜ்களுக்குள்ளும் ஒளிந்திருக்கலாம். ஓட்டியே ஆகணும் என்றால் அதற்கு ஒரு வெர்ச்சுவல் மெஷின் போதும், பாஸ்வேர்டுகள் சேமித்திருக்கும் ஆபீஸ் லேப்டாப் வேண்டாம்.