தாலாட்டில் ஒரு கணக்கு

நாட்டுப்பாட்டு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பொங்கல் விழாவில் பள்ளிப் பிள்ளைகள் பாவாடை தாவணி கட்டிக் கும்மியடிப்பது. அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே ஒரு நாட்டுப்பாட்டு இருக்கிறது, தாலாட்டு. அதை நாம் பாட்டாகவே மதிப்பதில்லை. பிள்ளை தூங்கினால் போதும்!

எங்கள் ஊர் குரங்கணி. போடியிலிருந்து முந்தல் வழியாக வந்தால் மலையடிவாரத்தில் இருக்கிறது. என் அத்தை, மாமியாரைத்தான் சொல்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் வளரும். ஆனால் காய் பிடிப்பது தூரில், தரையை ஒட்டிய சரத்தில். நாள் பூராவும் குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். பிஞ்சைக் கிள்ளிவிட்டால் கங்காணியிடம் பேச்சு வாங்க வேண்டும். காலில் அட்டை வேறு ஏறும். மரக்கிளையில் சேலையால் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு, செடிக்கு நடுவிலிருந்தே சத்தமாகப் பாடுவார்களாம். கை காயில், காது தொட்டிலில்.

அந்தப் பாட்டில் என்ன வரும் தெரியுமா? தங்கத் தொட்டில், முத்து விளக்கு, யானை மேல் சீர் கொண்டுவரும் தாய்மாமன்! என் மூத்தவனுக்குத் தொட்டில் போட்டபோது அத்தை இப்படிப் பாட, எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன் அத்தை, எங்கண்ணன் சைக்கிள்ல வந்து திண்ணையில உக்காந்திருக்காக. யானை எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று கேட்டேவிட்டேன்.

"அடி போடி இவளே! பாட்டு பிள்ளைக்கா பாடுறது? திண்ணையில இருக்குற உங்கண்ணன் காதுல விழணும்னுல்ல பாடுறது. நான் எங்கண்ணனுக்குப் பாடினேன். நீ உங்கண்ணனுக்குப் பாடு, சத்தமா."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் தாலாட்டை நான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். கவனித்துப் பாருங்கள். அப்பன் பெருமை இரண்டு வரியில் முடிந்துவிடும்; மாமன் பெருமைதான் நீண்டுகொண்டே போகும். ஏன்? பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கே இல்லாமல் இருந்த காலம் அது. வாயைத் திறந்து கேட்டால், 'பொறந்த வீட்டைக் கெடுக்க வந்தவ' என்ற பேர் வரும். பாட்டில் கேட்டால் யார் கோபிப்பது? வெளியே புகழ்ச்சி, உள்ளே, காதுகுத்துக்கும் சடங்குக்கும் என்ன கொண்டுவரப் போகிறாய் என்ற கேள்வி. ஒப்பாரியிலும் இதே கணக்குத்தான், இன்னும் கசப்பாக. தாய் போன பிறகு பிறந்த வீட்டு வாசலில் தனக்கு மரியாதை இல்லை என்பதைச் செத்தவளிடம் சொல்லி அழுவது போல, நிற்கிற அண்ணன் அண்ணிக்குச் சொல்வது! கி.வா. ஜகந்நாதனின் 'மலையருவி' 1958-லும், நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-லும் வந்தன. ஏட்டில் ஏறாமல் இருந்த இந்த மாதிரிப் பாட்டுகளை அவர்கள் தொகுத்து வைத்தார்கள். நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள்.

பாட்டால் கணக்குக் கேட்பது வீட்டோடு நின்றுவிடவில்லை. எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் டாப் ஸ்டேஷன், அதைத் தாண்டினால் மூணாறு, தேவிகுளம். 1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். நின்றவர் ஒரு பெண், கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடம் அவருக்காகப் பாடப் போனவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். ஜனங்களுக்குப் பழகிய மெட்டில் சொந்த வார்த்தையைப் போட்டுப் பாடுவது அவர் வழக்கம். கொழுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு மேடைப் பேச்சு புரியாமல் போகலாம், தெரிந்த மெட்டு புரியாதா? ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்கும் பங்குண்டு என்று இன்றும் பேசுகிறார்கள். அதே வீட்டுத் தம்பிதான் 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் கிராமத்து மெட்டைச் சினிமாக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். தன் இசைக்கு வித்து தாய் சின்னத்தாயம்மாளின் பாட்டுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில்தான் கல்யாணமான பெண்களுக்கும் சேர்த்துச் சம பங்கு கிடைத்தது. போன தை மாதம் அத்தையின் அண்ணன் பிள்ளைகள் பழம், தேங்காயோடு வந்தார்கள். இன்னும் பாகம் பிரிக்காத பூர்வீக நிலம். விடுதலைப் பத்திரத்தில் அத்தை கையெழுத்துப் போட வேண்டுமாம். "எங்கப்பா சீரெல்லாம் குறையில்லாமச் செஞ்சாரே அத்தை" என்றார்கள்.

அத்தை நிதானமாகச் சொன்னார்: "செஞ்சாருப்பா, நான் மறக்கல. காதுகுத்துக்குக் கம்மல், சடங்குக்குச் சேலை. அது சீரு. இது மண்ணு. ரெண்டுக்கும் ஒரே கணக்கா?"

பழத்தட்டு திண்ணையிலேயே இருந்தது, அவர்கள் போய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து ஒரு நல்லது கெட்டதுக்கும் அழைப்பு இல்லை. என் வீட்டுக்காரரே, "இந்த வயசுல எதுக்கும்மா? உறவு முக்கியமில்லையா?" என்கிறார். உறவு முக்கியம்தான். ஆனால் அந்த முக்கியம் எப்போதும் பொம்பளை கையெழுத்திலேயே ஏன் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அத்தை பக்கம். பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ராத்திரியில் சில நாள் அத்தை தூங்காமல் புரண்டு படுப்பதும் தெரிகிறது.

இப்போது பேத்தி தொட்டிலில். அத்தை பாடுகிறார். யானையை மட்டும் இன்னும் விடவில்லை!

உங்கள் ஊர்த் தாலாட்டில் தாய்மாமன் எதில் ஏறி வருகிறார், என்ன கொண்டுவருகிறார்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, குரங்கணி