லூப் தவறவிடும் நிலையங்கள்

ஒரு பட்டியலில் உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, எல்லாவற்றின்மீதும் ஒரே வேலையைச் செய்யும் நிரல்பகுதிக்கு லூப் என்று பெயர். சென்னைக் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரையான பறக்கும் ரயில் தடத்தில் 18 நிலையங்கள். அவற்றின் பெயரும் திறந்த ஆண்டும் வரிசையாக ஒரு பட்டியலில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பழைய முறை, இட எண்ணைச் சொல்லி எடுப்பது. சி, ஜாவா, பைத்தான் ஆகியவற்றில் எண் 0-இல் தொடங்குகிறது; ஆகவே கடற்கரை 0, வேளச்சேரி 17. லூப்பை 18 வரை ஓடவிட்டால் இல்லாத நிலையத்தைத் தேடும். 16-லேயே நிறுத்தினால் வேளச்சேரி விடுபடும். கைதேர்ந்தவர்களும் சறுக்கும் இடம் இது.

அடுத்த முறையில் எண்ணுக்கே வேலையில்லை. ஒவ்வொரு நிலையமாக எடு என்று எழுதினால் போதும். அடுத்தது எது, எங்கே நிற்பது என்பதை இட்டரேட்டர் பார்த்துக்கொள்ளும். 1970களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய சி.எல்.யூ. மொழி இதற்கு முன்னோடி. ஜாவாவில் இந்தச் சுருக்க வடிவம் 2004-இல்தான் வந்தது. இட எண்ணே இல்லாத செட் போன்ற தொகுப்புகளையும் இப்படிச் சுற்றிவரலாம். படிக்க மட்டும் என்றால் இதுவே சிறந்த வழி.

சுற்றும்போதே நீக்கினால்தான் சிக்கல். தடம் 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும், 2004-இல் திருவான்மியூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் திறக்கப்பட்டது. இடையில் முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014-இல் சேர்ந்தது. 1997-க்குப் பின் வந்தவற்றை லூப்புக்குள்ளேயே நீக்கச் சொன்னால், மந்தைவெளி போனதும் கிரீன்வேஸ் சாலை அதன் இடத்துக்கு நகர்ந்துவிடும். லூப்போ அடுத்த எண்ணுக்குத் தாவி, கோட்டூர்புரத்தைப் பிடிக்கும். இப்படியே போய், நீங்கியிருக்க வேண்டிய கிரீன்வேஸ் சாலை, கஸ்தூரிபா நகர், திருவான்மியூர், பெருங்குடி நான்கும் பட்டியலில் தங்கிவிடும். பைத்தானில் எண் இல்லாத லூப்பிலும் இதுவே நடக்கும். அதுவும் உள்ளே இடத்தை எண்ணிக்கொண்டுதான் நகர்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே பெரிய ஆபத்து. ஜாவாவின் சாதாரணப் பட்டியலோ பெரும்பாலும் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் கண்டிப்பு நல்லது.

வேளச்சேரியிலிருந்து கடற்கரை நோக்கிப் பின்னோக்கிச் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்தவை. அதைவிடத் தெளிவானது, மூலப் பட்டியலைத் தொடாமல் வேண்டியவற்றை மட்டும் புதிய பட்டியலில் சேர்ப்பது. பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும்.