நாற்றம் யார் குற்றம்?

"மாடு வைத்திருக்கிறான், அதனால் அவன் வாசல் நாறுகிறது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பேசும் சீமான்களை நாம் அறிவோம். நாற்றம் மாட்டின் குற்றமா? வளர்ப்பவன் குற்றமா? இரண்டும் அல்ல! காற்றுப் புகாத குழியின் குற்றம்!

வால்பாறையைப் பாருங்கள், தோழர்களே! ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தேயிலைக் காடு. அதன் நடுவே லைன் வீடுகள். கொழுந்து பறித்த கூலி போதாத வீட்டுக்கு ஒரு கறவை மாடு கைகொடுக்கிறது. சமவெளியில் சாணம் காய்ந்து வறட்டியாகும். மாதக்கணக்கில் மழை கொட்டும் மலையில் காய்வது எங்கே? சாணமும் மூத்திரமும் மழைநீரும் கலந்து, கட்டுத்தறிக்குப் பின்னால் குழம்பாகத் தேங்கும்.

தேங்கிய குழம்பில் உயிர்க்காற்று தீர்ந்துவிடுகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, புளித்த அமிலங்களையும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடையும் கக்குகின்றன. காற்றைச் செலுத்தினால்? வேறு வகை நுண்ணுயிர்கள் தழைத்து, நாறும் பொருள்களையே தின்று தீர்க்கின்றன!

இது மந்திரமல்ல. 1914-லேயே மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கட் என்னும் இருவர், காற்றூதிச் சாக்கடை நீரைத் தூய்மையாக்கும் முறையை அறிவித்தனர். நம் கொங்கு நாட்டில், கொடுமுடி மருத்துவர் நடராசன் பரப்பிய பஞ்சகவ்யத்தை அன்றாடம் கலக்கிவிடச் சொல்கிறார்களே, அங்கும் கலக்கும் கை காற்றைத்தான் சேர்க்கிறது.

ஒரு பீப்பாய் என்றால் கூரையின் கீழ் வைத்து, காலையும் மாலையும் கோலால் கலக்கினால் போதும். பெரிய தொட்டிக்கு மின்சாரக் காற்றூதி வேண்டும். அதையும் அளவோடு ஊத வேண்டும். மிஞ்சினால் அம்மோனியா பறந்து எருவின் சத்துப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை! நெடுநாள் அசையாமல் கிடந்த குழியைத் திடீரெனக் கலக்காதீர்கள். அடைபட்ட நச்சுக்காற்று ஒரே மூச்சில் கிளம்பும். அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே மழுங்கடிக்கும். நாற்றம் நின்றது என்று எண்ணும்போதே ஆள் சாய்வான். எவர் ஆணையிட்டாலும் குழிக்குள் இறங்காதீர்கள்! மலக்குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்கிறது. மாட்டுக்குழியில் மட்டும் தொழிலாளி உயிர் மலிவா?

காற்றூதிக்கும் மின்சாரத்துக்கும் காசு யார் தருவது? தோட்டத் தொழிலாளர் வீட்டையும் குடிநீரையும் சுகாதாரத்தையும் முதலாளியின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். அது யாரோ இட்ட பிச்சையல்ல, உழைப்பாளியின் உரிமை! கூரையிட்ட பொதுத் தொட்டியும் காற்றூதியும் லைன்தோறும் வேண்டுமென்று நிர்வாகத்தையும் நகராட்சியையும் கேட்போம். பதமான எரு தோட்டத்துக்கே திரும்பும், மலையோடைகளும் கெடாது.

மூக்கைப் பொத்துவோர் பொத்தட்டும். நாம் குழிக்குக் காற்று கேட்போம். நம் குடிலுக்கும் கேட்போம்!