குடல் சுவருக்குள் புகும் கிருமி

1897-இல் ஜப்பானில் பரவிய இரத்தபேதி சுமார் 90,000 பேரைத் தாக்கியது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்துபோனார்கள். டோக்கியோவில் கிடசாட்டோ என்ற அறிஞரின் தொற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர் கியோஷி ஷிகா, நோயாளிகளின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். நோயிலிருந்து தேறி வருபவரின் சீரத்தை அதனுடன் சேர்த்தபோது கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன. அந்த உடல் இதே கிருமியோடுதான் போராடியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஷிகாவின் பெயராலேயே அந்தக் கிருமி ஷிகெல்லா ஆனது.

காலராக் கிருமி குடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். கஞ்சித் தண்ணீர்போலப் பேதியாகும், இரத்தம் வராது. ஷிகெல்லாவோ குடல் சுவருக்குள்ளேயே நுழைகிறது. வயிற்றின் அமிலத்தைத் தாங்கிப் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள சில தனி வகைச் செல்கள் வழியாக உள்ளே போகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுவைக் கொன்றுவிட்டு, சுவரின் செல்களுக்குள் அடிப்பக்கமாகப் புகுகிறது. அதன்பின் செய்வதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. அந்தச் செல்லின் ஆக்டின் புரதத்தையே எடுத்துத் தனக்கு ஒரு வால் கட்டி, அது உந்தித் தள்ள, அடுத்த செல்லுக்குள் நேரே போய்விடுகிறது. வெளியே தலைகாட்டாததால் எதிர்ப்புப் புரதங்களால் அதைப் பிடிக்க முடிவதில்லை. செல்கள் மடிகின்றன, வெள்ளணுக்கள் திரண்டு வந்து அழற்சியைக் கூட்டுகின்றன, சுவர் புண்ணாகிறது. மலத்தில் சீதமும் இரத்தமும் வருவதும், காய்ச்சலும், போய்வந்த பிறகும் தீராத வயிற்றுக்கடுப்பும் இதனால்தான்.

பத்து முதல் நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். கழுவாத கை ஒன்று போதும்.

அமீபாவாலும் இரத்தபேதி வரும். சில ஈ.கோலை வகைகள் ஷிகாவின் பெயர் கொண்ட நஞ்சையே சுரந்து, குழந்தைகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும். 1996-இல் ஜப்பானின் சாகாய் நகரில் பள்ளி மதிய உணவு வழியே ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தாக்கியது அப்படியொரு வகைதான். ஷிகெல்லாவுக்கு ஆன்டிபயாடிக் உதவும், இந்த ஈ.கோலைக்குக் கொடுத்தால் ஆபத்து கூடக்கூடும். அதனால் மருந்துக்கடையில் நாமாக மாத்திரை கேட்டு வாங்குவது தவறு. பேதியை நிறுத்தும் மாத்திரையோ கிருமியையும் நஞ்சையும் உள்ளேயே தேக்கிவிடும்.

குழந்தையின் மலத்தில் இரத்தம் கண்டால் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.