சாவுக்கு முந்திய மாதங்கள்

மலையகத்துத் தோட்டம் ஒன்றில் சாவு விழுந்தால் யாருக்கும் யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் போட, குழி வெட்ட, தேத்தண்ணி ஊற்ற, தூரத்துச் சொந்தத்துக்குச் சேதி சொல்ல என்று வேலை தானாகப் பிரிந்துகொள்ளும். தப்பு முழங்கும். மரணாதார சங்கம் மாதச் சந்தாவில் சேர்த்த காசைக் கொண்டுவந்து கொடுக்கும். கருமாதி வரைக்கும் அந்த வீட்டில் ஆள் இல்லாத பொழுது இருக்காது.

அந்தச் சாவுக்கு முந்திய மூன்று நான்கு மாதங்களோ வேறு கதை. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ கண்டியிலோ "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர் லயத்துக் காம்பராவில் படுத்திருப்பார். "டாக்டர் கையை விரிச்சிட்டாரு" என்ற பேச்சு பரவியதும் வந்து பார்ப்பவர்கள் குறைவார்கள். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். வலி வந்தால் என்ன செய்வது, சோறு இறங்காவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லை. மருத்துவத்தில் இதற்குத் தெளிவான விடைகள் இருக்கின்றன. அவை மலைக்கு ஏறி வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தாதியாகவும் சமூக சேவகராகவும் இருந்து பிறகு வைத்தியம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். குணப்படுத்த முடியாத நோயாளியின் வலியில் உடலோடு மனசும் உறவும் காசுக் கவலையும் கலந்திருக்கும் என்றும், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தணிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். வலி தணிப்புப் பராமரிப்பு இன்று தனித் துறை. "கை விரித்த" பிறகு வருவது என்று இதை நினைக்க வேண்டியதில்லை. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இந்தப் பராமரிப்பும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. மற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்தைத் தாண்டி வாழ, இவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வந்தால், இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடுவது ஆண், பெண் இருபாலாருக்கும் பழக்கம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் முடிவு செய்தது. வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வந்தால், வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போனால், உடனே காட்ட வேண்டும். பிந்திப்போனால் கன்னமும் தாடையும் படுத்தும் வலி மிகக் கொடியது.

அந்த வலிக்கு மருந்து உண்டு. மூளையிலும் முதுகுத்தண்டு நரம்பிலும் உள்ள ஏற்பிகளில் மோர்ஃபின் போய் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தி மேலே ஏறாமல் அடக்குகிறது. சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். அதனால் வலி வரட்டும் என்று காத்திராமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டுக் கொடுத்தால் வலி ஒவ்வொரு தடவையும் முழு வேகத்தோடு திரும்பி வரும். "மோர்ஃபின் குடுத்தா சீக்கிரம் போய்ருவாங்க" என்ற பயம் லயத்தில் மட்டும் இல்லை, படித்தவர்களிடமும் உண்டு. வைத்தியர் சொன்ன அளவில் கொடுத்தால் அது சாவை முந்தி அழைத்து வராது. மலச்சிக்கலை மட்டும் பெரும்பாலும் கொண்டுவரும். அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டாரை அதிகம் வதைப்பது சாப்பாடு. "நாலு வாய் தின்னாத்தானே தெம்பு வரும்" என்று அழுதுகொண்டே ஊட்டுவார்கள். முற்றிய புற்றுநோயில் உடலில் சுரக்கும் சில அழற்சிப் பொருட்கள் பசியை அணைத்து, தசையைக் கரைக்கின்றன. அந்த நிலையில் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறாது. அவர் சாப்பிடாததால் சாகவில்லை, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. இந்த ஒன்றைச் சொல்லிப் புரியவைத்தாலே எத்தனையோ மகள்களின் நெஞ்சிலிருந்து குற்ற உணர்வு இறங்கும். கடைசி நேரத்தில் பால் ஊற்றும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நினைவு மங்கியவருக்கு விழுங்கும் சக்தி இருக்காது, ஊற்றிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறவைக்கும். பாலில் நனைத்த பஞ்சால் உதட்டை ஈரமாக்கலாம். பேரப்பிள்ளைகள் எல்லாருமே வரிசையாக வந்து அதைச் செய்யலாம். முறையும் நிறைவேறும், அவருக்கும் நோகாது.

மூச்சு வாங்குகிறவருக்கு முகத்தில் படும் குளிர்ந்த காற்றே மருந்துபோல வேலை செய்யும். கன்னத்து நரம்புகள் அந்தக் குளிரை உணரும்போது மூளை மூச்சுத்திணறலைக் குறைத்து உணர்கிறது. நுவரெலியாக் குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்து, உள்ளே விறகடுப்புப் புகையும் சூழ்ந்திருந்தால் நிலைமை மோசமாகும். உடம்பைப் போர்த்திவிட்டு, முகத்துக்கு நேரே சன்னலைத் திறந்து வைக்கலாம், அட்டையால் விசிறலாம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கை கொடுக்கலாமே.

கனடாவின் வான்கூவரில் சாகும் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில், பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர்களின் மூளை அலைகளைப் பதிந்தார்கள். சிலருடைய மூளை சத்தங்களுக்கு, நலமாக இருப்பவர்களின் மூளைபோலவே மறுமொழி தந்தது என்று 2020இல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது. அர்த்தம் புரிந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தலைமாட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கொழும்பில் வேலை செய்யும் மகனின் குரலைப் போனில் காதருகே வையுங்கள். அவர் இருக்கும்போதே அடக்கச் செலவைப் பற்றி அங்கே பேசாதீர்கள்.

துக்கத்துக்கு எங்கள் மக்களிடம் ஒப்பாரி இருக்கிறது. கட்டிக்கொண்டு அழ ஆள் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் மெல்ல மீண்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேலும் ஒருவர் தினமும் அதே ஏக்கத்தில் முடங்கி, வேலைக்கும் போக முடியாமல் இருந்தால் அது உதவி தேவைப்படும் நோய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் சொல்கிறது. கருமாதிக்குப் பிறகு ஆறாம் மாதம் அந்த வீட்டுப் பக்கம் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி கட்டினால்தான் நடக்கும் என்றில்லை. கோழிக்கோட்டில் 1993இல் ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய வைத்தியர்கள் நண்பர்களோடு தொடங்கிய சங்கம், சில ஆண்டுகளில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து நோயாளிகளிடம் அனுப்பியது. கேரள அரசு 2008இல் அதைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே புதிதாகத் திரட்டவேண்டியிருந்த ஆட்களும் மாதக் காசும் எங்கள் தோட்டங்களில் மரணாதார சங்கமாக ஏற்கனவே இருக்கின்றன. மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தோட்டத்து மருந்தகத்து உத்தியோகத்தரையோ மிட்வைஃபையோ ஆஸ்பத்திரித் தாதியையோ அழைத்துப் புரட்டுவது, வாய் துடைப்பது, மாத்திரை நேரம் ஆகியவற்றைக் கற்கலாம். எந்தக் காம்பராவில் யார் படுக்கையில் என்று சங்கம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம்.

காசு விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண் மலைக்குப் போகாத நாளில் அவளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. பந்தலுக்கும் பெட்டிக்கும் பிறகு கொடுக்கும் காசில் ஒரு பங்கை முன்பே கொடுத்தால், அவள் சில நாட்களாவது கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்பன் பக்கத்தில் உட்காரலாம். இதற்குச் சங்க விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த கூட்டத்திலேயே யாராவது எழுந்து கேட்கலாம்.