ஓட்டக்காரரின் முகவரியும் கணினிக் காவலும்

இடுக்கியில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கமும், பாலக்காட்டு பி.யு. சித்ரா 2017 ஆசிய தடகளத்தில் 1,500 மீட்டர் தங்கமும் வென்றனர். இவ்வெல்லை மாவட்டங்களில் வாழும் நம் பிள்ளைகளும் அந்நிலையை எட்டினால், ஓடுவது மட்டும் போதாது. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் சேர்ந்தவர், தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்பதை உலக முகமையின் 'ஆடம்ஸ்' கணினி அமைப்பில் பதிய வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டு, 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் இரண்டாண்டு வரை தடை வரும். பயிற்சியாளர் பதிந்து கொடுத்தாலும் பொறுப்பு வீரருடையதே.

அமைப்பை நடத்துவோருக்கும் கடமை உண்டு. 2016இல் போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கவர்ந்தவர்கள், வீரர்களின் மருத்துவக் குறிப்புகளை ஊரறிய வெளியிட்டனர். ஆகவே கடவுச்சொல்லை வீட்டுச் சாவி போலக் காப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்.